லயத்துக்குப் பின்னால ஒரு பாத்தி

தோட்டத்து ஆட்களுக்கு விவசாயப் பயிற்சி என்று எழுதின பதாகையைக் கேகாலையிலயோ இரத்தினபுரியிலயோ நீங்க பார்த்திருப்பீங்க. பிள்ளைக்காம்பராவிலயோ கோயில் மண்டபத்திலயோ கதிரை போட்டிருக்கும். விதைப் பைக்கற், நாலு கத்தரிக் கன்று, மண் நிரப்பக் கறுப்புப் பொலித்தீன் பை, பகல் சாப்பாடு, கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரு படம். வந்தவங்க நல்ல மனுசங்கதான். சொல்லித் தர்ற விசயமும் பெரும்பாலும் சரியானதுதான். ஆனா அக்காமார் அந்தப் பைக்கற்றை எடுத்துக்கிட்டு லயத்துக்குத் திரும்பி வரும்போது ஒரு கேள்வி கூடவே வரும்: இதை எங்க நடுறது?

இந்தக் கேள்விக்குப் பயிற்சிக் கையேட்டுல பதில் இருக்காது. பதில் இருக்கிற இடம் வரலாறு. அதனாலதான் மரக்கறியைப் பற்றி எழுதப் போய் 1840 வரைக்கும் பின்னால போக வேண்டியதாயிற்று. கொஞ்சம் பொறுமையாக வாசிங்க.

முதல்ல, நாங்க எந்த ஊரைப் பற்றிப் பேசுறோம் என்று சொல்லிவிடுகிறோம். மலையகம் என்றதும் எல்லாருக்கும் நுவரெலியாவும் ஹட்டனும்தான் கண்ணுக்குள்ள வரும். சப்ரகமுவ மாகாணத்தில் இரண்டே மாவட்டங்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல என்று கேகாலைப் பக்கம். எஹலியகொட, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை, கலவானை என்று இரத்தினபுரிப் பக்கம். பலாங்கொடையின் மேல் பகுதிகள் குளிரும், கீழே இறங்க இறங்க வேர்க்கும். தேயிலையும் இறப்பரும் கலந்தே கிடக்கும். ஒரு மலை முழுக்கத் தமிழ் லயங்கள், அடுத்த மேட்டில் சிங்களக் கிராமம், பள்ளத்தில் வயலும் மாணிக்கக் குழியும். நாங்க இங்க எப்பவும் சிதறிக் கிடக்கிற சிறுபான்மை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் ஒன்றுகூட சப்ரகமுவவில் இல்லை. கேட்க ஆள் இல்லாத மலையகம் இது என்று பெரியவங்க சொல்றது சும்மா இல்லை.

இரண்டாவது வித்தியாசம் மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கும் மேல பெய்யும். பால் வெட்டுறது விடியக்காலை வேலை. ராத்திரி மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வைத்தாலும் பால் கோட்டை விட்டு வழியும், சிரட்டையில் தண்ணி நிறைஞ்சிடும். அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. மழைக்காலத்தில் இப்படி வாரக்கணக்காகப் போகும். நாட்சம்பளம் எவ்வளவு என்று கொழும்பில் நடக்கிற பேச்சுவார்த்தையில் இந்த ஈரமான நாட்களை யாரும் எண்ணுறது இல்லை. ஆனா பால் வெட்டை நிறுத்துற அதே மழையில்தான் கங்குங் தழைக்கும், வல்லாரை படரும், மரவள்ளிக் குச்சியை ஊன்றிவிட்டால் தன்பாட்டில் எழும்பும். ஒரு இறப்பர் தோட்டத்துக் குடும்பத்துக்குக் கறித்தோட்டம் பொழுதுபோக்கு இல்லை என்பதைப் புரிஞ்சுக்க இது ஒன்று போதும்.

இனி மண்ணுக்கு வருவோம். 1840 இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியது என்று அனுமானித்தது. கண்டிய கிராமத்தவர் தலைமுறைகளாகச் சேனை செய்த நிலம், ஏட்டில் உரிமை இல்லாததால், கோப்பித் துரைமாருக்கு மலிவாகப் போனது. 1869 இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு முழுக்க இறப்பர் பரவியது. சின்னப் பாதை ரயில் அவிசாவளையைத் தாண்டி யட்டியாந்தோட்டைக்கும் பிறகு இரத்தினபுரிக்கும் வந்தது. அந்த மலைகளில் பெருந்தோட்டப் பயிர் தவிர வேறு எதையும் நடுகிற எண்ணம் துரைமாருக்கு இல்லை. தொழிலாளி தின்கிற அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தது. தோட்டமே அதைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. சுற்றிலும் இவ்வளவு பச்சை, சட்டிக்குள் போடுறதுக்கு மட்டும் கடல் தாண்டி வரணும்!

அப்படியானால் லயத்துக்குப் பின்னால இருக்கிற பாத்தி எப்படி வந்தது? துரை விட்டுக்கொடுத்ததால் வந்தது. கானுக்கும் லயத்துக்கும் நடுவில், பீலிக்கரை ஓரத்தில், தேயிலை வராத கல்லு மேட்டில், ஆட்கள் தாங்களாகக் கொத்திப் போட்ட மண். சில துரைமார் அதை ஆதரித்தார்கள். கறித்தோட்டம் வைத்திருக்கிற குடும்பம் சுலபத்தில் வேறு தோட்டத்துக்குப் போகாது என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனா அது அனுமதி மட்டும்தான். துரை மாறினால் அனுமதி மாறும். வேலை போனால் காம்பராவும் போகும், பாத்தியும் போகும். எங்க வீடுகளில் இன்னும் 'தோட்டம் குடுத்த எடம்' என்றுதான் சொல்வார்கள். 'எங்க எடம்' என்று வாய் தவறியும் வராது. இருநூறு வருடப் பழக்கம்.

இந்த அனுமதி எவ்வளவு மெல்லியது என்பதைக் கேகாலை மாவட்டம்தான் முதலில் காட்டியது. 1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. நிலமற்ற விவசாயிகளுக்கு அரச காணி கொடுக்கிற சட்டம். ஆனா 'இலங்கையர்' யார் என்று அதில் வகுத்த விதத்தில் தோட்டத் தொழிலாளி வெளியே நின்றார். நாட்டிலேயே மிகவும் நிலமற்ற கூட்டம், நிலமற்றவர்களுக்கான சட்டத்துக்குள் வரவில்லை. பத்து வருடம் கழித்து அரசு உந்துகொடைப் பக்கம் இருந்த நேவ்ஸ்மயர் என்ற தோட்டத்தை எடுத்தது. எங்க ஆட்கள் அதை உருளவள்ளி என்பார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறதுக்கான திட்டம். அங்கே பிறந்து வளர்ந்து வேலை செய்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கு வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தது. அவர்கள் போகவில்லை. 1946 இல் அவர்களுக்காக மற்றத் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய பெரிய போராட்டங்களில் இது ஒன்று.

வெளியேறாதவர்கள் மேல் குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். சொந்த வீட்டில் படுத்திருந்ததற்கு அத்துமீறல்! அந்த வழக்குகளில் ஒன்று இலண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 'செல்வநாயகம் எதிர் மன்னர்' என்ற பெயரில் 1950 இல் வந்த தீர்ப்பு சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒருவர் தனக்கு உரிமை இருக்கிறது என்று நேர்மையாக நம்பி இடத்தில் இருந்தால், அந்த நம்பிக்கை சட்டப்படி பலவீனமானதாக இருந்தாலும்கூட, மற்றவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக அது குற்றமாகாது என்பதுதான் சாரம். அவருடைய பிரதான நோக்கம் எரிச்சலூட்டுவதாக இருக்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் இன்றைக்கு வரைக்கும் நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றன. அதற்குப் பின்னால் கேகாலையில் ஒரு லயக் காம்பரா இருந்தது என்பது எத்தனை சட்டத்தரணிகளுக்குத் தெரியுமோ.

ஆனா தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. வீட்டில் இருந்தது குற்றமில்லை என்று இலண்டன் சொன்னபோது, நாட்டில் இருக்கிறதே கேள்விக்குறியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இங்கே ஒரு விசயத்தை நேர்மையாகச் சொல்லணும். அந்தத் தோட்டத்தைப் பெறவிருந்த சிங்களக் கிராமத்தவர்களும் நிலமற்றவர்கள்தான். 1840 சட்டத்தில் பறிகொடுத்தவர்களுடைய பேரப்பிள்ளைகள். அவர்களிடமிருந்து நிலத்தை எடுத்தவர் வேறொருவர், அதைத் திருப்பிக் கொடுக்கிறபோது இடத்தைக் காலி செய்ய வேண்டியவர் மட்டும் எங்க தாத்தா. சப்ரகமுவவில் கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையில் இன்றைக்கு வரைக்கும் இருக்கிற சந்தேகத்தில் பாதி இங்கிருந்து வந்தது என்று நாங்க நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பொலவில் இரண்டு பக்கமும் ஒரே மேசையில் பயற்றங்காய் விற்கும்போது இது தெரியாது. காணி என்ற சொல் வந்தால் தெரியும்.

1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975 இல் கொம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. முற்போக்கான சட்டம் என்று இடதுசாரிகள் இன்றும் சொல்வார்கள். நாங்களும் பெருந்தோட்ட முதலாளிமாருக்காக அழப் போவதில்லை. ஆனா நிலம் பிரிக்கப்பட்ட பல இடங்களில் தொழிலாளி பங்காளியாகவில்லை, வேலையில்லாதவர் ஆனார். அதே காலத்தில்தான் பஞ்சம். 1973 இல் கூப்பன் அரிசியும் மாவும் குறைந்தன. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியிருந்தது. கிராமத்தில் ஒரு பலா மரமாவது, ஒரு துண்டு மரவள்ளியாவது இருந்தது. லயத்தில் அதுவும் இல்லை. 1974 இல் தோட்டப்புற இறப்பு வீதம் கடுமையாக ஏறியது. நகரத்துத் தெருவில் பிச்சை எடுத்தவர்களைப் பார்த்த ஞாபகம் எங்க பாட்டிமாருக்கு இன்னும் இருக்கு. வீட்டுக்குப் பின்னால பத்து அடி மண் இருந்ததா இல்லையா என்பதில் உயிர் தங்கியிருந்த காலம் அது.

பிறகு 1977 ஆகஸ்ட், 1981 ஆகஸ்ட், 1983 ஜூலை. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் குறிப்பாக அடிபட்டன. லயங்கள் எரிந்தன, ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள். பலர் திரும்பி வரவில்லை. ஒரு பகுதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தக் கணக்கில் கப்பலேறியது. இன்னொரு பகுதி வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது.

எங்க கேள்விக்கு வரலாறு கொடுக்கிற நேரடியான பதில் இந்த வடக்குப் பயணத்தில்தான் இருக்கு. கட்டிடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கின காந்தீயம் அமைப்பு, ஓடி வந்த மலையகக் குடும்பங்களை வன்னியில் குடியமர்த்தியது. காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், முன்பள்ளி நடத்தினார்கள், உழவு பழகினார்கள். தலைமுறையாகக் கொழுந்தெடுத்தும் பால்வெட்டியும் மட்டுமே பழகின கைகள், வறண்ட செம்மண்ணில் பயறும் கச்சானும் மிளகாயும் விளைவித்தன. மழை கொட்டுற இரத்தினபுரியிலிருந்து, குளத்து நீரைக் கணக்குப் பார்த்துப் பாய்ச்சுற வவுனியாவுக்கு! தோட்டத்து ஆளுக்கு விவசாயம் வராது, கூலிப் பழக்கம் ஊறிப்போச்சு என்று இன்றைக்கும் சில அதிகாரிகள் சொல்றதைக் கேட்கும்போது எங்களுக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அந்தக் கதையும் நல்லபடியாக முடியவில்லை. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர். கென்ற் பண்ணை, டொலர் பண்ணையிலிருந்து மலையகக் குடும்பங்கள் 1984 இல் துரத்தப்பட்டன. அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்ட சிங்களக் கைதிகளும் அவர்கள் குடும்பங்களும் அதே வருட நவம்பரில் புலிகளால் கொல்லப்பட்டார்கள். கிளிநொச்சியில் தங்கினவர்களில் பலருக்கு யுத்தம் முடிந்த பிறகும் காணிப் பத்திரம் பெரிய தலையிடியாகவே இருந்தது. வேறு ஆட்களுடைய வயலில் கூலிக்குப் போனவர்களும் நிறையப் பேர். எவ்வளவு பயிற்சி இருந்தாலும் கடதாசி இல்லாத நிலத்தில் விவசாயம் இப்படித்தான் போகும்.

இனி இங்கே திரும்புவோம். 1992 இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளுக்குக் கைமாறியது. சப்ரகமுவவில் பலாங்கொட, காவத்தை, கேகாலை, களனிவெலி என்று பெயர்கள். நிலம் அரசுக்கு, குத்தகை கொம்பனிக்கு. காம்பரா யாருக்கு, பாத்தி யாருக்கு என்று எங்கேயும் தெளிவாக எழுதவில்லை. 2018 இல் திருத்தம் வருகிற வரைக்கும் 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்தது. கமநல சேவை நிலையம் கிராமத்து விவசாயிக்குப் பழக்கமான இடம். லயத்து ஆளுக்கு அது யாருடையதோ ஒரு கட்டிடம். 2011 இல் திவிநெகும வந்தது, பத்து இலட்சம் வீட்டுத்தோட்டம் என்றார்கள். வீட்டுத்தோட்டம் என்ற சொல்லிலேயே வீடும் இருக்கு, தோட்டமும் இருக்கு. எங்களுக்கு இரண்டும் வேற அர்த்தம்.

2021 இல் இரசாயன உரத் தடை. 2022 செப்டெம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த வருடம் அரசு உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் மரக்கறி நடச் சொன்னார்கள். நல்ல யோசனைதான், வளவு உள்ளவங்களுக்கு. தோட்டங்களில் அந்த நேரம் பல அக்காமார் செய்தது வேறு: சாக்கில் மண் நிரப்பி இஸ்தோப்பில் பச்சை மிளகாய் வைத்தார்கள், கூரைத் தண்ணி விழுகிற இடத்தில் கங்குங் போட்டார்கள். தொங்கக் காம்பராக்காரங்களுக்குக் கொஞ்சம் கூட இடம், நடுக் காம்பராவுக்கு ஒன்றுமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 2015க்குப் பிறகு தனிவீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 ஆக்கினார்கள். ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீற்றர். ஏழு பேர்ச்சஸ் என்றால் 177. அதில் 550 சதுர அடி வீடு 51 சதுர மீற்றரை எடுத்துக்கொள்ளும். மலைச்சரிவில் படி, கான், மலசலகூடக் குழி, மண் சரியாமல் கட்டுற கல்லணை எல்லாம் போக, மிஞ்சுறது 100 சதுர மீற்றருக்குள். வீட்டுக்குக் கீரையும் மிளகாயும் தாராளமாகக் கிடைக்கும். பொலவுக்குக் கொண்டுபோய் விற்றுச் சீவிக்க முடியாது. 20 பேர்ச்சஸ் கேட்கிறவங்க பேராசையில் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னதால் பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. எங்க பெரியவங்களுக்குத் தெரிஞ்சது நிறைய, தெரியாததும் உண்டு. தேயிலை நின்ற மண் புளிப்பு மண். டொலமைற் போடாமல் கத்தரி நட்டால் ஏமாற்றம்தான். கனமழையில் மேட்டுப்பாத்தி வேணும், நாற்றுத் தவறணைக்குக் கூரை வேணும். பாகல், புடல், பீர்க்கு, பயற்றைக்குப் பந்தல் போட்டால் இடமும் மிச்சம், அழுகலும் குறைவு. சரிவில் சமவுயரக் கோட்டில் வரப்புக் கட்டாமல் கொத்தினால் ஒரே மழையில் மேல்மண் ஓடையில் போய்விடும். காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் என்ன செய்யிறது என்பதைத்தான் ஆட்கள் முதலில் கேட்பார்கள், பயிற்சியில் அது கடைசியில் வரும் அல்லது வரவே வராது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கம் பலருக்குத் தெரியவே தெரியாது. போதனாசிரியர் சிங்களத்தில் விளக்கி, யாரோ ஒரு தம்பி பாதியை மொழிபெயர்த்தால், மருந்தின் அளவு பிழைக்கிற இடம் அங்கேதான்.

நேரம் என்று ஒன்றும் இருக்கு. விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து, திரும்பி வந்து பிள்ளைகளைப் பார்க்கிற பெண்ணிடம் 'மேலதிக வருமானம்' என்று சொல்றோம். அந்த மேலதிகம் அவருடைய தூக்கத்திலிருந்துதான் வரணும். குடும்பத்து ஆண்களைப் பயிற்சிக்குக் கூப்பிடாத நிகழ்ச்சிகளைக் கண்டால் எங்களுக்குக் கோபமே வரும்.

பக்கத்துக் கேரளத்தைக் கொஞ்சம் பாருங்க. 1998 இல் தொடங்கின குடும்பஸ்ரீயில், நிலமில்லாத பெண்கள் நாலு பேர் முதல் பத்துப் பேர் வரைக்கும் குழுவாகச் சேர்ந்து, தரிசாகக் கிடக்கிற நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் வாழையும் மரக்கறியும் செய்கிறார்கள். குழுவின் பேரில் வங்கிக் கடன், பஞ்சாயத்து பக்கத்தில் நிற்கும். அங்கேயும் சிக்கல் உண்டு. நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகையைத் தடுத்திருப்பதால் பெரும்பாலும் வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான், நிலம் திருத்தப்பட்டதும் உரிமையாளர் திருப்பிக் கேட்பார். இருந்தாலும், நிலத்தைத் தேடிக் கொடுக்கிறதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள் என்பதைக் கவனிக்கணும்.

இங்கே அது முடியாதது இல்லை. சில கொம்பனிகள் தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து வருமானப் பங்கு முறையை நடத்துகின்றன. அதன் நல்லது கெட்டதை இன்னொரு கட்டுரையில் பேசலாம். கொழுந்துக்காகக் காட்டு வரம்பு போட்டுக் குடும்பத்திடம் ஒப்படைக்க முடியுமென்றால், இறப்பர் வெட்டிச் சாய்த்த பிறகு புது மரம் நிழல் விடுகிற வரைக்குமான அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு, வரிசைக்கிடையில் மரக்கறியும் இஞ்சியும் போட எழுத்தில் அனுமதி கொடுக்கவும் முடியும். வாழையும் அன்னாசியும் இப்படி ஊடுபயிராக இறப்பரில் புதிது இல்லை. யார் நடுறது, விளைச்சல் யாருக்கு என்பது மட்டும்தான் புதுசாக எழுத வேண்டியது.

எந்த நிலம் என்பதையும் பார்க்கணும். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேலேயே மலை சரிந்தது. அதே நாட்களில் அரநாயக்கவில் ஊரே புதைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் கேகாலையை மறுபடியும் கிழித்தது. சும்மா கிடக்கிற நிலம் என்று கொம்பனி காட்டுற துண்டு ஏன் சும்மா கிடக்குது என்று கேட்காமல் மண்வெட்டியைத் தூக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடம் பிரதேச செயலகத்தில் இருக்கும். போய்க் கேட்கலாம்.

ஆகவே அடுத்த தடவை விதைப் பைக்கற்றோடு யாராவது வந்தால், வாங்கிக்கொள்ளுங்க, நன்றி சொல்லுங்க. முதல் வகுப்பு தொடங்க முன்னாடி மூன்று விசயம் கேளுங்க: எந்த இடம், எத்தனை வருடம், தோட்ட முகாமையாளர் கையெழுத்துப் போட்ட கடதாசி எங்கே. வாய்ப்பேச்சுத்தான் என்றால் மிளகாய், கத்தரி, கீரையோடு நின்றுகொள்ளுங்க. மூன்று நாலு மாதத்தில் கையில் வரும். முருங்கையும் எலுமிச்சையும் கடதாசி வந்த பிறகு வைக்கலாம்.